வேனுக்குள் ஒரு துரோகி

வேனுக்குள் இருப்பவர்களில் ஒருவன் துரோகி என்று கஜபதி முடிவுக்கு வந்தபோது, அந்தத் துரோகி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். எவன் என்பதுதான் தெரியவில்லை. வேனில் இருந்த அத்தனை பேரும் வாழைப்பழம்தான் தின்றுகொண்டிருந்தார்கள், தோற்றுவிட்டு வருகிறோமே என்ற வெட்கம் கொஞ்சமும் இல்லாமல். வாங்கி வந்தவர் என்ற முறையில் கஜபதி கையிலும் ஒன்று இருந்தது.

“வெள்ளானூர் மதகு தாண்டினதும் தூக்கணும்னு நமக்குத்தான தெரியும்? அம்பத்தூர்க்காரனுங்களுக்கு எப்டிடா தெரிஞ்சுது?” என்றார்.

எல்லார் வாயும் அசைந்துகொண்டுதான் இருந்தது. வாயில் பழம்.

சைக்கிள் பந்தயக்காரர்கள் பாஷையில் ‘தூக்குவது’ என்றால் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்புவது. எங்கே தூக்க வேண்டும் என்பதுதான் பந்தயத்தின் ரகசியம். மதகு தாண்டித் தூக்கு என்று தன் டீம் பையன் லட்சுமணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவன் பெடல் மேல் எழுந்து நிற்பதற்குள், அம்பத்தூர்ப் பையன்கள் எழுந்து, கிளம்பி, திருப்பத்தில் மறைந்தும் விட்டார்கள்.

வேனை ஓட்டிக்கொண்டிருந்த முனியன் திரும்பாமலே சொன்னான். “அவனுங்களும் ரேஸ் ஓட்ற பசங்கதான அண்ணாத்தே? மதகாண்ட தூக்கணும்னு அவனுங்களுக்கும் தோணாதா?”

“கரீட்டா அதே எடத்துலயா?”

“வெள்ளானூர் ரோட்ல மதகே ஒண்ணுதான கீது.”

இவன் ஏன் இத்தனை அவசரமாகச் சமாதானம் சொல்கிறான் என்று கஜபதிக்குத் தோன்றியது. தோன்றியதை வாழைப்பழத்தோலோடு வெளியே எறியாமல் பத்திரமாக மனசிலேயே வைத்துக்கொண்டார்.

ஒரு காலத்தில் கஜபதிக்கு யார்மேலும் சந்தேகம் வந்ததில்லை. அவர் மூன்று முறை மாநில சாம்பியன். சைக்கிள்தான் அவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை வாங்கித் தந்தது; அதே சைக்கிள்தான் முழங்காலையும் வாங்கிக்கொண்டது. முழங்கால் போனதும் தொழிற்சாலை அவரைப் பயிற்சியாளர் ஆக்கியது. பெயருக்குத்தான் பயிற்சியாளர். வேனுக்கு டீசல் போடுவது, பழம், குளுக்கோஸ், ஈரத்துண்டு, டயருக்கு வால்ட்யூப் எல்லாம் எடுத்து வைப்பது, போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்குவது, பந்தயத்தன்று விடிந்ததும் போய், தன் ஆள் தூக்கப்போகும் இடத்தில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது, வழியில் ஆணி கிடந்தால் பொறுக்குவது, பையன்களின் அழுக்குச் சட்டையை எண்ணி வாங்குவது, எல்லாமே அவர் வேலை. எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தார். ஜெயிப்பது ஒன்றுதான் நடக்கவில்லை.

“சாம்பியனா இருந்தப்ப இப்டியா ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் மொறைச்சிக்கினு இருந்தீங்க?” என்று மனைவி ஜெகதாம்பாள் சோறு போடும்போது கேட்டாள்.

“அப்ப நான் முன்னாடி போனேன். ரோடு மட்டும்தான் தெரியும். இப்ப வேன்ல பின்னாடி வரேன். எல்லார் முதுகும் தெரியுது. முதுகப் பார்த்தா எவன நம்புறது?”

“சோத்தப் பார்த்து சாப்புடுங்க,” என்றாள்.

அவளுக்கு இதன் கனம் புரியவில்லை என்று கஜபதி நினைத்தார். அன்று மத்தியானம்தான் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். இந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு பந்தயம் பாக்கி. அதில் ஒன்றிலாவது கோப்பை வராவிட்டால் சைக்கிள் பிரிவையே மூடிவிடுவது. வேன் வாலிபால் டீமுக்கு. கஜபதி பழையபடி மெஷின் ஷாப்புக்கு. மூன்று முறை சாம்பியன் ஆனவன், போர்மேனிடம் பாத்ரூம் போக அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. ஆனாலும் மோரும் ஊற்றிச் சாப்பிட்டார்.

அடுத்த பந்தயம் பருத்திப்பட்டு ஏரிக்கரை ரோட்டில். அதற்குள் கஜபதி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பந்தய விஷயத்தைப் பந்தய பாஷையில் பேசினால்தானே ஒட்டுக்கேட்கிறவனுக்குப் புரியும்? கல்யாண பாஷையில் பேசினால்? தூக்குவதற்குத் தாலி கட்டுவது என்று பெயர். லட்சுமணன் மாப்பிள்ளை. அம்பத்தூர் டீம் சம்பந்தி வீட்டார். வாழைப்பழமும் தண்ணீரும் பந்தி. லட்சுமணனுக்கும் முனியனுக்கும் மட்டும் இந்தப் பாடத்தை நடத்தினார். மற்றவர்களுக்கு அகராதி கிடையாது.

குவார்ட்டர்ஸ் முனையில் உள்ள டீக்கடையில் கடைசி ஆலோசனை நடந்தது.

“மாப்ளே, ஞாயித்துக்கெழம முகூர்த்தம். பருத்திப்பட்டு ஏரிக்கரை, ரெண்டாவது வளைவு, புளியமரத்தாண்ட. அங்க தாலிய கட்டிடு,” என்றார் கஜபதி.

லட்சுமணன் பாளையங்கோட்டைப் பக்கத்துப் பையன். சொன்னதைச் செய்கிறவன், சொல்லாததைச் செய்யத் தெரியாதவன். “சம்பந்தி வீட்டு ஆளுக மறிச்சா என்ன செய்ய, அண்ணாச்சி?”

“தோளால ஒரு இடி இடி. நிக்காத. தாலி கட்னதும் திரும்பிக்கூடப் பாக்காம ஓடிடு.”

“பந்தி?”

“பந்தியெல்லாம் அப்புறம். மொதல்ல தாலி.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றதைக் கஜபதி கவனித்தார். ஒட்டுக்கேட்கிறான், ஆனால் ஒன்றும் புரியவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். முனியன் பக்கத்து பெஞ்சில் பட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

சனிக்கிழமை சாயந்திரம் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போனார். பூசணிக்காய் விற்கிற பூங்காவனம் அவருக்குப் பல வருடப் பழக்கம்.

“போன வாட்டி திஷ்டி கழியல பூங்காவனம். தோத்துட்டோம்.”

“குங்குமம் பத்தல சார். இந்த வாட்டி நெறயக் கொட்டித் தரேன்,” என்று பூசணிக்காயின் தலையில் சதுரமாகத் துளை போட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்து முழுசாக உள்ளே கவிழ்த்தாள். “இதுக்குக் காசு வாணாம். ஓசி.”

கஜபதி பூசணிக்காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊரே சேர்ந்து குழி பறிக்கிற காலத்தில், கேட்காமல் கொடுக்கிற மனசு ஒன்று பூந்தமல்லி மார்க்கெட்டில் இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனார்.

பூசணிக்காய் விஷயத்தில் அவர் அனுபவசாலி. முதல் தடவை சாம்பியன் ஆன வருடம், செங்கல்பட்டு ரோட்டில், தூக்கிய அதே இடத்தில் கீழே விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. அத்தனை பேர் கண்ணும் ஓர் இடத்தில் விழுந்தால் அங்கேதான் திருஷ்டி தங்கும் என்பது அன்றைக்கு அவர் கண்ட உண்மை. எனவே ஞாயிறு விடிந்ததும் முனியனோடு போய், ஏரிக்கரை இரண்டாவது வளைவில், புளியமரத்தடியில் சூடம் கொளுத்தி, ரோட்டோரமாக உடைத்தார். நடுரோட்டில் உடைத்தால் சைக்கிள் சறுக்குமே! குங்குமம் நன்றாகத்தான் தெறித்தது. பாதி ரோடு சிவந்துவிட்டது.

பந்தயம் கிளம்பும் இடத்தில் அம்பத்தூர் பயிற்சியாளர் செங்கல்வராயன் காத்திருந்தார். அந்தக் காலத்தில் கஜபதி முதலாவதாக வரும்போதெல்லாம் இரண்டாவதாக வந்தவர். அதனாலோ என்னவோ, குனிந்தே பேசுவார்.

“சாம்பியன் சார், நமஸ்காரம். உங்களப் பார்த்துத்தான் சார் எங்க பசங்க எல்லாம் கத்துக்கினு கீறானுங்க.”

“பார்த்துக் கத்துக்கினா சரி,” என்றார் கஜபதி வெடுக்கென்று.

பந்தயம் ஏரிக்கரைக்குத் திரும்பியது. கஜபதியின் வேன் பின்னாலேயே போனது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. புளியமரம் தெரிந்தது. மரத்தடியில் கூட்டமும் தெரிந்தது.

கூட்டத்தின் முன்னால் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு நின்றது லட்சுமணனின் அம்மா சொர்ணம். பக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு பெரிய மீசை. லட்சுமணனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா, அதாவது தாய்மாமன். தந்தி கிடைத்து இரண்டு பேரும் பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி நேராக வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் தந்தி அடித்துத் தன் கடமையைச் செய்துவிட்டார் என்பது கஜபதிக்கு அந்தக் கணத்தில் புரிந்துபோயிற்று.

“எலேய் லட்சுமணா! எங்கல அந்தப் பொம்பளப்புள்ள?” என்று சொர்ணம் ரோட்டில் இறங்கிச் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டாள்.

“எம்மா, விடும்மா, எந்தப் பிள்ள?”

கஜபதி வேன் ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார். பதற்றத்தில் எந்தப் பாஷையில் பேசுகிறோம் என்று யோசிக்கவில்லை. “அம்மா, வழிய வுடுங்க! அவன் தாலி கட்ற நேரம்!”

அதற்குப் பிறகு தாய்மாமன் அவர் சட்டையைத்தான் பிடித்தார். முனியன் குறுக்கே விழுந்து விலக்கி, அகராதி முழுவதையும் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பரிசளிப்பே முடிந்துவிட்டது. அம்பத்தூருக்குக் கோப்பை.

ஆனால் கஜபதியின் நெஞ்சில் குத்தியது சட்டை கிழிந்தது அல்ல. சொர்ணம் ரோட்டில் இறங்குவதற்கு முந்தின நொடியே, அதே புளியமரத்தடியில், அம்பத்தூர்ப் பையன்கள் எழுந்து நின்று தூக்கியதை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்தார். டீக்கடைக்காரனுக்கே கல்யாணம் என்றுதான் புரிந்திருக்கிறது. அந்தக் கல்யாண பாஷையின் அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். லட்சுமணன் அம்மா கையில் மாட்டிக்கொண்டான். தன்னைத் தானே கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒருவன்.

மறுநாள் வேன் ஷெட்டில் வைத்துக் கேட்டார்.

“முனியா, உன் மச்சான் எங்க கீறான்?”

“அம்பத்தூர்ல. ஏன் அண்ணாத்தே?”

“அம்பத்தூர்ல!”

“பதினைஞ்சு வருசமா அங்கதான் கீறான். அவன் கல்யாணத்துக்கு நீதான மோதிரம் போட்ட?”

“அதெல்லாம் இருக்கட்டும். பசங்கள எங்க தூக்கச் சொல்றேன்னு அங்க சொன்னது யாரு?”

முனியன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். கஜபதி ஜெயித்த மூன்று சாம்பியன்ஷிப்பிலும் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்தது அந்தக் கைதான். அவன் முகத்தில் கோபம் வந்திருந்தால் கஜபதிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வரவில்லை.

“நானா அண்ணாத்தே?” என்று மட்டும் கேட்டான்.

“இனிமே நீ வேன்ல வர வாணாம். நானே ஓட்டிக்கிறேன்.”

முனியன் ஸ்பேனரை மறுபடி எடுத்துத் துடைத்துப் பெட்டியில் போட்டான். பிறகு சாவியைக் கழற்றி நீட்டினான். “சரி. பிரேக்கு லேட்டாத்தான் புடிக்கும், ரெண்டு வாட்டி மிதி. அந்தப் பக்கத்துக் கதவு தானா தொறந்துக்கும், பழைய ட்யூப் வெச்சிருக்கேன், கட்டிக்க. ஹாரன் ஒயரு லூஸ், அப்பப்போ ஆட்டி வுடணும்.”

போகிற போக்கில் இத்தனை சொல்கிறான் என்றால் இதில் என்ன சூது இருக்கிறதோ என்று கஜபதி யோசித்தார். அவன் சொன்னதில் ஒன்றையும் செய்யக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டார்.

கடைசிப் பந்தயம் பெங்களூர் ஹைவேயில். சென்னீர்குப்பத்தில் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பி சென்னீர்குப்பத்திலேயே முடிப்பு. திரும்பும்போது எதிர்காற்று இருக்கும். ஆகவே கடைசி வரை கூட்டத்தோடு ஒளிந்திருந்து, நசரத்பேட்டையில் தூக்க வேண்டும். இதை இந்த முறை யாருக்குமே அவர் சொல்லவில்லை. லட்சுமணனுக்கே சொல்லவில்லை.

“நா மூணு வாட்டி ஹாரன் அடிப்பேன். அது வரிக்கும் எவன் தூக்கினாலும் நீ அசையாத.”

“எங்கன அடிப்பீங்க அண்ணாச்சி?”

“அது எனக்கே அப்பத்தான் தெரியும்.”

இப்போது ரகசியம் இருப்பது ஒரே ஒரு மண்டைக்குள். நிம்மதியாக இருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்தவர், பாதித் தூக்கத்தில் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“ஜெகதா! நா தூக்கத்துல பேசறனா?”

“பேசறீங்க.”

“இன்னா பேசறேன்?”

“நேத்து ‘செயினுக்கு எண்ணெ போடு’ன்னு சொன்னீங்க. கழுத்துல போட்ருக்கற செயினுக்கு எதுக்கு எண்ணென்னு நானும் யோசிச்சேன்.”

கடைசியில் சந்தேகம் அவர் மேலேயே வந்து நின்றது. அன்று முதல் படுக்கும்போதெல்லாம் துண்டால் வாயைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு தாட்சாயிணி, பாவம் பல் வலி போலிருக்கிறது என்று கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். இவள் ஏன் நம் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறாள் என்று கஜபதி அவளுடைய சொந்த ஊரை விசாரித்தார். ஜெகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அந்த முனியன் வராம ஊடே வெறிச்சுனு கீது. பாவி மனுசா, அவன் மேலயா சந்தேகம்?” என்றாள்.

கஜபதி துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். பதில் சொல்லாமலிருக்க அது வசதியாகவும் இருந்தது.

பந்தயத்துக்கு முதல் நாள் பூங்காவனத்திடம் போய், மார்க்கெட்டிலேயே பெரிய காயாகக் கேட்டார். அவள் இரண்டு பொட்டலம் குங்குமத்தைக் கவிழ்த்தாள்.

“இத்த ஒடைச்சா ஸ்ரீபெரும்புதூர்ல நிக்கிறவனுக்குக் கூடத் தெரியும் சார்,” என்றாள் பெருமையாக.

விடிந்ததும் கஜபதி தனியாக வேனை எடுத்தார். பூசணிக்காயைப் பக்கத்து சீட்டில் வைத்தார். ஹைவே முழுக்கப் போய் வழியில் ஆணி, கண்ணாடி பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் திரும்பும் இடத்தில் தண்ணீர் பாட்டில்களை இறக்கி வைத்துவிட்டு, வரும் வழியில் நசரத்பேட்டையில் உடைப்பதாகத் திட்டம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. திரும்பி வரும்போது இருங்காட்டுக்கோட்டையில் ஓர் எருமை ரோட்டைக் கடக்க நினைத்தது.

கஜபதி பிரேக்கை மிதித்தார். ஒரு தடவைதான் மிதித்தார். இரண்டு தடவை மிதி என்றது முனியன் அல்லவா? வேன் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தார். ட்யூப் போட்டுக் கட்டாத கதவு தானாகத் திறந்தது. பூசணிக்காய் சீட்டிலிருந்து உருண்டு, கதவு வழியாக இறங்கி, ரோட்டோரத்தில் ‘சொத்’தென்று உடைந்தது. இரண்டு பொட்டலக் குங்குமமும் தெறித்து அந்த இடமே சிவந்துபோயிற்று. எருமை மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தது.

கஜபதி இறங்கி நின்று பார்த்தார். சூடம் இல்லை, சுற்றவில்லை, சம்பந்தமே இல்லாத இடத்தில் பூசணிக்காய் தானே உடைந்திருக்கிறது. இதைவிடக் கெட்ட சகுனம் வேறென்ன இருக்க முடியும்? வேறு காய் வாங்க நேரமும் இல்லை. நசரத்பேட்டையைக் கடக்கும்போது அந்தச் சுத்தமான ரோட்டைப் பார்க்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மெஷின் ஷாப்பில் தனக்கு எந்த மூலையைத் தருவார்கள் என்று யோசித்துக்கொண்டே சென்னீர்குப்பம் போய்ச் சேர்ந்தார்.

பந்தயம் கிளம்பியது. போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் திரும்பினார்கள். முகத்தில் அறைகிற எதிர்காற்று. வேனுக்குள் கஜபதி கண்ணை இடுக்கிக்கொண்டு எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டே வந்தார். இருங்காட்டுக்கோட்டை வந்தது.

அம்பத்தூர்ப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பெடல் மேல் எழுந்து நின்றார்கள். பேய் பிடித்தவர்கள் போலத் தூக்கினார்கள்.

கஜபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கேயா? இந்தக் காற்றிலா? இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கிறது? பைத்தியமா இவர்களுக்கு? லட்சுமணன் ஒரு தரம் திரும்பி வேனைப் பார்த்தான். ஹாரன் அடிக்கவில்லை. சொல்லாததைச் செய்யத் தெரியாத பையன், இருந்த இடத்திலேயே இருந்தான்.

பாப்பான்சத்திரத்தில் அம்பத்தூர் டீமின் முதுகுகள் வளைந்தன. செம்பரம்பாக்கத்தில் நாக்கு தள்ளியது. நசரத்பேட்டைக்கு வருவதற்குள் ஒவ்வொருவனாகப் பின்தங்கி, லட்சுமணனின் கூட்டத்தோடு வந்து ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

கஜபதி ஹாரனை அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார். குத்தினார். ஹாரன் வாயே திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நசரத்பேட்டை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“தாலிய கட்டுடா மாப்ளே! தாலிய கட்டு!”

பஸ்ஸுக்கு நின்ற ஜனம் திரும்பிப் பார்த்தது. லட்சுமணன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பிய்த்துக்கொண்டு போனான். சென்னீர்குப்பத்தில் அவன் முடிவுக் கோட்டைத் தொட்டபோது பின்னால் வந்தவன் கண்ணுக்கே தெரியவில்லை.

தோள் மேல் தூக்கிக்கொண்டாடினார்கள். லட்சுமணனை அல்ல, கஜபதியை. ஸ்போர்ட்ஸ் ஆபீசர் கையைக் குலுக்கி, சைக்கிள் பிரிவு தொடரும், வேனுக்குப் புது ஹாரன் கூட உண்டு என்றார். கூட்டத்தின் ஓரத்தில் முனியன் நின்று, எல்லாரையும் முந்திக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தான். கஜபதி பார்த்தார், பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தாயா, நீ இல்லாததால்தான் ஜெயித்தோம் என்று மனசுக்குள் சொன்னார். சொன்ன பிறகும் மனசு ஏனோ லேசாகவில்லை.

செங்கல்வராயன் எதிரே வந்தார். எப்போதும் குனிகிறவர் அன்று நிமிர்ந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“இப்டிப் பண்ணிட்டீங்களே சாம்பியன் சார். நீங்களா இப்டி?” என்று சொல்லிவிட்டுக் கையைக் கூடக் கொடுக்காமல் போய்விட்டார்.

தோற்றவன் பொறாமை என்று கஜபதி விட்டுவிட்டார்.

மறுநாள் காலை, ஜெயித்ததற்கு ஒரு நல்ல திருஷ்டி கழிக்க வேண்டும் என்று பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போனார். பூங்காவனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சுட்டோம் பூங்காவனம்! கூடவே வெச்சிக்கினு இருந்த துரோகிய வெளிய அனுப்பினேன், ஜெயிச்சுட்டேன். பெருசா ஒண்ணு குடு. குங்குமம் நெறயக் கொட்டு.”

“காய் வோணும்னா எட்த்துக்கினு போ சார். குங்குமம் இனிமே ஓசில கெடையாது. குடுத்துக்கினு இருந்தவரு நிறுத்திட்டாரு.”

“எவரு நிறுத்திட்டாரு? ஓசிக் குங்குமம் நீதான குடுத்த?”

“நா எங்க சார் போவேன் அம்மாம் குங்குமத்துக்கு? ‘தூரத்துல வரும்போதே நம்ம பசங்களுக்குப் பளிச்சுனு தெரியணும்’னு அந்த அம்பத்தூர் சாருதான் பொட்டலம் பொட்டலமா வாங்கியாந்து குடுப்பாரு, இன்னிக்குக் காலீல வந்து என்னாண்ட ஒரே அழுவ, ‘கஜபதி சாரு பூசணிக்கா ஒடைச்ச எடத்துலதான எப்பவும் தூக்குவாரு, அத்த நம்பித்தான நானும் கோச்சுன்னு பேரு வெச்சிக்கினு கீறேன், இப்டி துரோகம் பண்ணிட்டாரே அந்த மனுசன்’னு!”